அம்மாவின் கால் போன போக்கில் டோக்கியோ

நவம்பர் 22, வெள்ளி – கோவை

டோக்கியோவுக்குத் திட்டம் போட உட்கார்ந்ததுமே அம்மா தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார். மீன், முட்டை எதுவும் தொடமாட்டார். தினமும் ஒரு கோயிலாவது பார்க்க வேண்டும், புத்தர் கோயிலானாலும் சரி. வலது முழங்கால் ஒத்துழைக்கும் வரைக்கும்தான் நடை.

"ஊரைப் பூரா பாத்துத்தான் ஆகோணும்னு இல்ல கண்ணு. பாக்கறத உக்காந்து பாத்தாப் போதும்."

இதை வைத்துத்தான் முழுத் திட்டமும் போட்டேன். டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி யமனோதே என்ற ரயில் பாதை வட்டமாக ஓடுகிறது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த வட்டத்தை ஒரு தாளில் வரைந்து, பார்க்க வேண்டிய இடங்களை அதன் மேல் குறித்தால் ஊர் தானாகவே பிரிந்துவிடுகிறது. கிழக்கே அசாகுசாவும் உவேனோவும். மேற்கே ஷின்ஜுகுவும் ஹராஜுகுவும். தென்கிழக்கே கின்சாவும் ட்சுகிஜியும். காலையில் அசாகுசா, மதியம் ஷிபுயா, மாலை ஒடைபா என்று அடுக்கும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். வயதானவர்களோடு போகிறவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும்.

அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் உவேனோவைச் செவ்வாய்க்குத் தள்ளினேன். சின்ன சமையல் மேடையுள்ள அறை அசாகுசா பக்கத்தில் கிடைத்தது. அம்மா சாம்பார்ப்பொடி, பெருங்காயம், கடுகு, வரமிளகாய் எல்லாம் கட்டிக்கொண்டார். கறிவேப்பிலையை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். பச்சை இலை, காய், பழம் எதையும் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

நவம்பர் 24, ஞாயிறு – அசாகுசா

சிங்கப்பூர் வழியாக நரிதா. விமான நிலையத்திலிருந்து அசாகுசாவுக்கு மாறாமலே போகும் ரயில் இருக்கிறது. ஸ்கைலைனர் என்ற வேக ரயிலின் கட்டணத்தில் பாதிதான், ஒருவருக்கு 1,300 யென் சுமார். 100 யென் என்றால் நாங்கள் போனபோது நம் கணக்கில் 55 ரூபாய் வந்தது. ரயிலில் யாரும் போனில் பேசவில்லை. அம்மா வழக்கமான குரலில் ஏதோ கேட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்து, மீதியை என் காதில் சொன்னார்.

அறையில் பையைப் போட்டுவிட்டு சென்சோ-ஜி கோயிலுக்குக் கிளம்பும்போது மணி மூன்றரை. சுமிதா ஆற்றில் மீன் பிடித்த இரண்டு சகோதரர்களின் வலையில் கன்னோன் சிலை சிக்கியதாகவும், அது 628-ஆம் ஆண்டு என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. கன்னோன் என்பது பௌத்தத்தின் கருணைத் தெய்வமான நம் அவலோகிதேஸ்வரர்தான். சிவப்பு விளக்கு தொங்கும் வாசலிலிருந்து உள்வாசல் வரை 250 மீட்டருக்கு இரண்டு பக்கமும் கடைகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். கூட்டத்துக்கு நடுவே கிமோனோ உடுத்திய சின்னக் குழந்தைகள். மூன்று, ஐந்து, ஏழு வயதில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டி வந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு, அதற்கான மாதம் நவம்பர். ஏழு வயதுப் பெண் ஒன்று மரச்செருப்பு கடித்து அழ, அவளுடைய பாட்டி அதே இடத்தில் குனிந்து காலில் பஞ்சு வைத்துக் கட்டினார். அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரிய மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நவம்பர் கடைசியில் டோக்கியோவில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். படித்து வைத்திருந்தும், கண்ணுக்கு முன்னால் பகல் இப்படிச் சட்டென்று தீர்ந்துபோனது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நம் ஊரில் நாலரை என்றால் டீ குடிக்கும் நேரம். இங்கே போகிறவர்கள் இந்த மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரப் பகல்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விளக்கு போட்ட பிறகு சென்சோ-ஜி இன்னும் அழகு. மண்டபம் மூடினாலும் வளாகத்தில் இரவிலும் நடக்கலாம். கூட்டம் கரைந்து, ஊதுவத்திப் புகை மட்டும் மிச்சம்.

100 யென் போட்டு உலோகப் பெட்டியைக் குலுக்கினால் எண் பொறித்த குச்சி ஒன்று வரும். அந்த எண்ணுள்ள சின்ன இழுப்பறையிலிருந்து பலன் தாளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கெட்ட பலன். இந்தக் கோயிலில் அது நிறையப் பேருக்கு வருமாம். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை மடித்துக் கம்பியில் கட்டிவிட்டுப் போனால் போதும் என்று சைகையில் காட்டினாள். அவளும் தன் தாளைக் கட்டினாள்.

பிறகு சாப்பாட்டுக்கு அலைந்தோம். ஊடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், சோறு என்று எல்லாக் கடையிலும் படம் போட்டுப் பலகை. ஆனால் குழம்பு, சூப், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் 'தாஷி' இருக்கிறது. காய்ந்த மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்க வைத்த நீர் அது. பார்வைக்கு வெறும் காய்கறிதான் தெரியும், உள்ளே மீன். கேட்ட கடைகளில் எல்லாம் பணிவாக, வருத்தத்தோடு, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார்கள். யாரும் பொய் சொல்லி விற்கவில்லை என்பதை அம்மா அப்போதே சொன்னார். கடைசியில் தெருமுனைக் கடையில், புளித்த உமே பழம் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டையும் வாழைப்பழமும் வாங்கினோம். ஒனிகிரி ஒன்று 150 யென் போல. உமே நம் நாரத்தங்காய் ஊறுகாய்க்குக் கிட்டே வரும் உப்பும் புளிப்பும். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

அதைத் தின்ன உட்கார இடம் தேடியபோதுதான் அடுத்த கஷ்டம். "இவ்வளவு பெரிய ஊருல உக்கார ஒரு திண்ணை இல்லையா கண்ணு?" தெருவில் பெஞ்சு அபூர்வம். குப்பைத் தொட்டியும் அப்படித்தான். 1995-இல் சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களிலிருந்து நிறையத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். உறையையும் தோலையும் பையில் போட்டுக்கொண்டு அறைக்கே வந்தோம்.

நவம்பர் 25, திங்கள் – ஷின்ஜுகு, மெய்ஜி ஜிங்கு

காலையில் 8 டிகிரி. வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்ததால் முதலில் ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ மாநகர அரசு அலுவலகக் கட்டடத்துக்குப் போனோம். 45-வது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், பார்வைக் கூடம். கட்டணம் கிடையாது. பையைச் சோதித்து லிஃப்டில் ஏற்றிவிடுகிறார்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேற்கே, கட்டடங்களுக்குப் பின்னால், வெள்ளைத் தொப்பியோடு ஃபூஜி மலை. கோபுரங்களுக்கு ஆயிரக்கணக்கில் யென் கொடுத்து ஏறுவதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். அங்கே ஒரு மஞ்சள் பியானோ இருக்கிறது. கலைஞர் யாயோய் குசாமாவின் கறுப்புப் புள்ளிகள் போட்டது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அலுவலக உடுப்பில் வந்த ஒருவர் உட்கார்ந்து ஒரு பாட்டை வாசித்தார், எழுந்தார், கும்பிடுவது போல் குனிந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

மதியம் நகாமுராயா. இந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். ஆங்கிலேயர்களின் நெருக்குதலில் ஜப்பான் அரசு அவரை வெளியேறச் சொன்னபோது, இந்தக் கடையை நடத்திய சோமா குடும்பம்தான் ஒளித்து வைத்தது. பிறகு அந்த வீட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். ஜப்பானியர்கள் சாப்பிடும் மாவு கரைத்த குழம்பைப் பார்த்துவிட்டு, உண்மையான இந்தியக் குழம்பு இதுதான் என்று காட்ட, அவர் கொடுத்த பக்குவத்தில் 1927-இல் கடை கோழிக் குழம்பு விற்கத் தொடங்கியது. இன்றும் விற்கிறது. 2,000 யென்னை ஒட்டி விலை. எலும்போடு கோழி, வெங்காயம் நன்றாகக் கரைந்த குழம்பு, காரம் குறைவு, மசாலா வாசம் நேர்மையானது. அம்மா சோறும் கூட வைத்த ஊறுகாய்களும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு கதை கேட்டார். நாடு திரும்ப முடியாமலே 1945 ஜனவரியில் இதே ஊரில் அவர் இறந்தார் என்று சொன்னதும், கொஞ்ச நேரம் அம்மா சாப்பிடவில்லை.

நேதாஜியின் அஸ்தி வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லப்படும் ரென்கோஜி கோயிலும் ஷின்ஜுகுவிலிருந்து சுரங்க ரயிலில் கிட்டத்தில்தான். ஆனால் அங்கே போனால் மெய்ஜி ஜிங்குவை விட வேண்டியிருக்கும். இந்த ஆலயம் சூரியன் மறையும்போது வாசலை மூடிவிடும், நவம்பரில் நாலு மணி சுமாருக்கே. ரென்கோஜியை விட்டதில் எனக்கு இன்னும் மனக்குறை.

மெய்ஜி ஜிங்கு, ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவுக்குரிய ஆலயம், 1920-இல் எழுப்பியது. ஜப்பான் முழுவதிலிருந்தும் மக்கள் கொடுத்த ஒரு லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கிய காடு இது. நூறு வருடத்தில் இயற்கைக் காடு போலவே ஆகிவிட்டது. ஹராஜுகு நிலையத்தின் சந்தடியிலிருந்து பெரிய மரத் தோரணத்தைத் தாண்டினால் சட்டென்று குளிர் ஏறுகிறது, காக்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. பாதை முழுக்கச் சரளைக் கல். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகவில்லை. ஓரமாகச் சரளை குறைவாக இருந்த பட்டையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் காடுகளை வெட்டாமல் வைத்திருக்கும் நம் ஊர்க் கிராமங்களைப் பற்றியே வழியெல்லாம் பேசினார்.

திரும்பும்போது ஹராஜுகு நடைமேடையில் நடந்ததுதான் இன்றைய பெரிய சம்பவம். வண்டி வந்தது, அம்மா ஏறினார், அவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியது, நான் காலை வைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. அம்மாவிடம் போன் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். அவருக்குப் பக்கத்தில் நின்ற, ஏறக்குறைய அவர் வயதுள்ள ஒரு பெண்மணி என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினார், அம்மாவின் தோளைத் தொட்டார், கீழே கையைக் காட்டினார். அடுத்த நிலையத்தில் இறக்குகிறேன் என்று புரிந்துகொண்டேன். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி நாலைந்து நிமிடத்தில் வந்தது. யோயோகியில் இறங்கியதும் நடைமேடை நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த அம்மாள் தன் பையிலிருந்த ஆரஞ்சு ஒன்றை உரித்து அம்மாவிடம் பாதி கொடுத்திருந்தார். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன். அவர் எழுந்து, என்னைவிட ஆழமாகக் குனிந்துவிட்டு, அடுத்து வந்த வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் வேலை ஷின்ஜுகுவிலோ அதைத் தாண்டியோ இருந்திருக்கும், எங்களுக்காகவே இறங்கியிருக்கிறார்.

இரவே அறையின் முகவரியும் என் எண்ணும் ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டையை அம்மாவின் கைப்பையில் வைத்தேன். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

நவம்பர் 26, செவ்வாய் – உவேனோ

மேகமூட்டம். உவேனோ பூங்காவில் பெஞ்சுகள் இருக்கின்றன, அம்மாவுக்கு முதல் சந்தோஷம் அதுதான். ஷினோபாசு குளம் முழுக்கத் தாமரை, ஆனால் இந்த மாதத்தில் எல்லாம் காய்ந்து பழுப்பாகிக் கிடக்கிறது. குளத்து நடுவே தீவில் எண்கோணக் கூரையோடு ஒரு கோயில். உள்ளே பென்சைத்தென். அவள் சரஸ்வதி.

வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம். நீருக்கும் இசைக்கும் கல்விக்கும் அவள்தான் தெய்வம். சீனா வழியாகப் பௌத்தத்தோடு வந்தவள். சோழ தேசத்துக் கூத்தனூரில் அவளுக்குக் கோயில் எடுத்ததற்கு முன்பே ஜப்பானில் அவளை வணங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் முன்னால் கல்லில் செதுக்கிய வாத்தியத்தைப் பார்த்ததுமே செருப்பை விட்டுவிட்டார்.

அந்தத் தீவில் என்னை அசைத்தது வேறு. கோயிலைச் சுற்றிலும் நினைவுக் கற்கள். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கல். சமையல்காரர்களின் கத்திக்கு ஒரு கல். அவர்கள் வெட்டிச் சமைத்த ஃபுகு மீனுக்கு ஒரு கல். உழைத்துத் தேய்ந்த பொருளுக்கும், உணவாகிப்போன உயிருக்கும் நன்றி சொல்லி வைத்தவை. கத்திக் கல்லுக்கு முன்னால் அம்மா நின்று, "நம்ம ஆயுத பூஜைதானே இது" என்றார். சரஸ்வதி பூஜைக்கு அருவாமனையையும் சுத்தியலையும் கழுவிப் பொட்டு வைக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, அவள் கோயில் முற்றத்திலேயே கத்திக்கு ஒரு கல் நிற்பதைப் பார்த்தபோது மயிர் கூச்செறிந்தது. இதற்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் வெளியாட்களாக இல்லை.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் டிக்கெட் 1,000 யென். 70 வயது ஆனவர்களுக்கு நிரந்தரக் காட்சிகள் இலவசம், வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று சீட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். ஆசியக் காட்சிகள் உள்ள கட்டடத்தில் காந்தாரத்துப் புத்தர்கள். மெத்தை போட்ட இருக்கைகள் நிறைய. ஜப்பானில் களைத்தவர்கள் உட்கார வேண்டுமென்றால் அருங்காட்சியகம், கோயில் மண்டபம், ரயில் நடைமேடை, பெரிய துணிக்கடைகளின் மாடி, இவைதான். அப்புறம் கழிவறை: எங்கே போனாலும் இருக்கிறது, காசு இல்லை, தண்ணீர் பீய்ச்சும் வசதியோடு, இருக்கை வெதுவெதுப்பாக. ஊர் சுற்றும் வயதான பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அம்மா இந்தப் பயணம் முழுக்கத் தாகத்துக்குத் தயங்காமல் தண்ணீர் குடித்தார். ஊரில் எங்கே கூட்டிப்போனாலும் அப்படிக் குடிப்பதில்லை.

மாலை ரயில் பாலத்தை ஒட்டிய அமெயோகோ சந்தை. போருக்குப் பிறகு கள்ளச்சந்தையாகத் தொடங்கிய இடம். கருவாட்டு வாசம், கூவி விற்கும் குரல், பேரம். டோக்கியோவில் வேறெங்கும் கேட்காத சத்தம் இங்கேதான். ஒரு கடையில் பருப்பும் மசாலாவும் மூட்டை மூட்டையாக. துவரை கண்ணில் படவில்லை, மைசூர்ப் பருப்பு கிடைத்தது. சந்தைக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் உள்ள கடைகளில் தாய்லாந்துப் புளி வாங்கினோம். வெளியே வரும்போது மழை.

நவம்பர் 27, புதன் – மட்சுசியாமா

காலை பதினொன்று வரை மழை. கடையில் வாங்கிய கண்ணாடிக் குடை ஒன்று 700 யென் போல. ஒவ்வொரு கடை வாசலிலும் குடைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுக்கிறார்கள், தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது.

மழை விட்டதும் சென்சோ-ஜியிலிருந்து வடகிழக்கே பத்து நிமிட நடை. பயணிகள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. சின்னக் குன்று, அதன் மேல் மட்சுசியாமா ஷோதென் கோயில். படி ஏறத்தான் வேண்டுமோ என்று பயந்துகொண்டே வந்தேன். பக்கவாட்டில் ஒரு குட்டி ரயில் பெட்டி, நாலு பேர் உட்காரலாம், பொத்தானை அமுக்கினால் சரிவில் மேலே கூட்டிப்போகிறது. கட்டணமில்லை. படி ஏற முடியாதவர்களுக்காகவே கோயிலார் வைத்தது.

இங்கே இருப்பவர் காங்கிதென். நம் பிள்ளையார். யானை முகத்தோடு இரண்டு உருவம் தழுவி நிற்கும் வடிவம் என்கிறார்கள், ஆனால் மூர்த்தியை யாருக்கும் காட்டுவதில்லை, எப்போதும் மறைவில்தான். அவருக்குப் படைப்பது முள்ளங்கி. கோயில் வாசலிலேயே வெள்ளை முள்ளங்கி விற்கிறார்கள், முழங்கை நீளத்துக்கு. படிக்கட்டு, விளக்கு, கூரை எல்லாவற்றிலும் ஒன்றையொன்று தழுவிய இரண்டு முள்ளங்கிகளும், வியாபாரம் பெருகுவதற்கான சுருக்குப்பையும் செதுக்கியிருக்கிறார்கள். மனதிலுள்ள கோபம் முதலான நஞ்சை முள்ளங்கி எடுத்துவிடும் என்பது நம்பிக்கை.

முள்ளங்கி வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பீடத்தில் முள்ளங்கிகள் அடுக்கியிருந்தன. அம்மா தன் முள்ளங்கியை வைத்தார், தலையில் குட்டிக்கொண்டார், காதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வளைந்த மட்டும் தோப்புக்கரணம் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்தார். போனில் மொழிபெயர்த்து, எங்கள் ஊரில் இவரை இப்படித்தான் கும்பிடுவோம் என்று காட்டினேன். ஈச்சனாரி விநாயகர் படத்தையும் காட்டினேன். அவர் போனை வாங்கி, படத்தை உற்றுப் பார்த்து, கையைக் கூப்பினார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, சரிதானா என்பது போல் தலையசைத்தார். அம்மா கையை மாற்றிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

வெளியே, படைத்த முள்ளங்கிகளை எடுத்துப் போகச் சொல்லி வைத்திருந்தார்கள். பிரசாதம். ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார் அம்மா. ஜனவரி 7 அன்று இங்கே முள்ளங்கித் திருவிழா. வேகவைத்த முள்ளங்கியை வருகிற எல்லோருக்கும் கொடுப்பார்களாம்.

குன்றிலிருந்து இறங்கினால் சுமிதா ஆறு, கோதோதோய் பாலம். அந்தப் பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம் மேகத்துக்குள் பாதி. 1945 மார்ச் 10 அதிகாலையில் அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் இந்த வட்டாரமே எரிந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். தீயிலிருந்து தப்ப இந்தப் பாலத்தில் இரண்டு கரையிலிருந்தும் ஓடி வந்தவர்கள் நடுவில் சிக்கி மாண்டார்கள். பாலத்தருகே நினைவுக் கல் இருக்கிறது. சென்சோ-ஜியின் பெரிய மண்டபமும் அன்று எரிந்ததுதான், இப்போது இருப்பது 1958-இல் கட்டியது. வளாகத்திலுள்ள பழைய கிங்கோ மரங்களில் கருகிய தழும்பு இன்னும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைக் கவனிக்க வழியில்லை. இன்று போய்ப் பார்த்தோம்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு சின்ன சோபா கடை. வயதான கணவன், மனைவி மட்டும். மீன் சேராத எதுவும் உண்டா என்று எழுதிக் காட்டினேன். கடைக்காரர் சமையலறையிலிருந்து வெளியே வந்து, தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கிறது என்று போனில் எழுதிக் காட்டினார். ஐந்து நிமிடம் கழித்து, குளிர்ந்த சோபா நூடுல்ஸ், துருவிய முள்ளங்கி, வெங்காயத்தாள், வெறும் சோயா சாஸ் என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அது பட்டியலில் இல்லாத சாப்பாடு. நூடுல்ஸ் வெந்த தண்ணீரைக் கடைசியில் குடிக்கக் கொடுத்தார்கள். சாதம் வடித்த கஞ்சி போலவே இருக்கிறது என்று அம்மா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். பணம் 800 யென் மட்டும். கூட ஒரு நாணயம் வைத்தேன், அந்த அம்மாள் வாசல் வரை ஓடி வந்து திருப்பிக் கொடுத்தார்.

இரவு அறையில் முள்ளங்கி சாம்பார். மைசூர்ப் பருப்பு சீக்கிரமே குழைந்துவிட்டது, கறிவேப்பிலை இல்லை, ஆனாலும் அந்த முள்ளங்கிக்கு நம் ஊர்க் காரலே இல்லை. வாய்க்குள் தண்ணீராகக் கரைகிறது. தாளித்த வாசம் அடுத்த அறைக்குப் போகாமல் இருக்க ஜன்னலைத் திறந்து, குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு சாப்பிட்டோம்.

நவம்பர் 28, வியாழன் – ட்சுகிஜி, நிஷி-கசாய்

வெயில். ட்சுகிஜி ஹோங்கான்ஜி கோயிலை முதலில் பார்த்தவர்கள் இது ஜப்பான்தானா என்று கேட்பார்கள். அஜந்தா குகை முகப்பு போன்ற வளைவு, தாமரை, கல்லில் ஸ்தூபி. கட்டடக் கலைஞர் இட்டோ சூட்டா இந்தியா முழுக்கச் சுற்றியவர். 1923 நிலநடுக்கத் தீயில் பழைய கோயில் அழிந்த பிறகு, பௌத்தம் பிறந்த நாட்டின் சாயலில் 1934-இல் இதைக் கட்டி முடித்தார். உள்ளே மாடிப்படிகளில் யானையும் குரங்கும் செதுக்கியிருக்கிறார். மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள், பின்னால் ஒரு பெரிய பைப் ஆர்கன். ஓதுதல் நடந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரை எழுப்பவில்லை.

வெளிச்சந்தை இரண்டு தெரு தள்ளி. மொத்த மீன் ஏலம் 2018 அக்டோபரில் தோயோசுவுக்குப் போய்விட்டது, சில்லறைக் கடைகள் இங்கேயே. முன்பு சந்தைக்காரர்கள் சாப்பிட்ட இடம், இப்போது பயணிகளின் கூட்டம். குச்சியில் குத்திய மாட்டிறைச்சிக்கு ஆயிரக்கணக்கில் யென். எனக்கு இந்த இடம் அவ்வளவாக ஒட்டவில்லை. சூடான முட்டைப் பணியாரத்தை நான் சாப்பிட்டேன், அம்மாவுக்கு முழு ஸ்ட்ராபெரி வைத்த அரிசிமாவு மோச்சி. நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று எல்லாக் கடையிலும் பலகை. வாங்கிய கடை முன்னாலேயே நின்று தின்று, குப்பையை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும்.

மாலை, சுரங்க ரயிலில் நிஷி-கசாய். கணினிப் பொறியாளர்கள் 2000-ஐ ஒட்டி வந்து குடியேறி, டோக்கியோவிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் வட்டாரம் இது. பூங்காவில் ஜப்பானியப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழியிலேயே சண்டை போடுகிறார்கள். மசால் தோசை ஆயிரம் யென்னுக்கு மேல், ஃபில்டர் காபி தனி. காபியின் முதல் வாய்க்கு அம்மா எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்து மேசையில் திருநெல்வேலிக்காரக் குடும்பம். "அத்தை, எப்படி இருக்கு ஊரு?" என்று அந்தப் பெண் கேட்டதும், அம்மாவுக்கு வந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் வெளியே வந்தது. பிள்ளையாரைப் பார்த்தாயா என்று கேட்டார். இங்கே பத்து வருடமாக இருந்தும் தெரியாது என்றாள். அம்மா அவளுக்கு வழி சொன்னார், குட்டி ரயில் உட்பட.

நவம்பர் 29, வெள்ளி – ஷிபாமாட்டா, நரிதா

விமானம் இரவுதான். அசாகுசாவிலிருந்து நரிதா போகும் அதே பாதையில் தகாசாகோ நிலையம். அங்கே மாறி ஒரு நிலையம் போனால் ஷிபாமாட்டா. கடைசி நாளை விமான நிலையம் போகும் வழியிலேயே வைத்தால் மனம் அடித்துக்கொள்ளாது. பெட்டிகளை நிலையத்து லாக்கரில் வைக்கப் பார்த்தால் பெரிய அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. சுற்றுலாத் தகவல் மேசையில் இருந்தவர், வேண்டுமானால் இங்கேயே ஓரமாக இருக்கட்டும் என்று இடம் காட்டினார்.

நிலையத்திலிருந்து கோயில் வரை பழைய மரக் கடைகள். அரிசி அப்பளத்தைக் கரியில் வாட்டுகிறார்கள். மூலிகை இலை சேர்த்த பச்சை உருண்டை மேல் இனிப்புப் பயறு விழுது, தட்டு 400, 500 யென். மீன் இல்லை, முட்டை இல்லை. அம்மா கடை உள்ளே, மரப் பெஞ்சில், சூடான தேநீரோடு நிதானமாகச் சாப்பிட்டார்.

1629-இல் தொடங்கிய இந்தக் கோயிலின் தெய்வம் தைஷாகுதென், அதாவது இந்திரன். மண்டபத்தின் வெளிச்சுவர் முழுக்க மரச் சிற்பம். தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதைகளைப் பத்துப் பெரிய பலகைகளில் ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். மழை படாமல் கண்ணாடிக் கூடம் கட்டியிருக்கிறார்கள், தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க 400 யென். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தளத்தில் நடக்க வேண்டும், காலில் குளிர் ஏறுகிறது. ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு விரலும் தனித்தனியாக நிற்கிறது. நம் தேர்ச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிக் கூரை போட்ட நடைபாதை, படி இல்லை, வழியில் உட்கார்ந்து பார்க்க இடமும் இருக்கிறது.

"இந்த ஊருல எல்லாரும் இருக்காங்க கண்ணு. முருகனை மட்டும் காணோம்" என்றார் அம்மா. இதாதென் என்ற பெயரில் ஸ்கந்தனும் இங்கே உண்டு, ஜென் மடங்களில் சமையலறைக்குக் காவல் அவர்தான் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். க்யோத்தோ பக்கம் போனால் மடங்கள் நிறைய என்றேன். ரயில் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். புல்லட் ரயிலில் இரண்டேகால் மணி, ஒருவருக்கு 14,000 யென் சுமார். அவர் அதை 55 ரூபாய்க் கணக்கில் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே தகாசாகோ போகும் வண்டி வந்துவிட்டது.